தேனீக்குப் பாணி கொடுக்கும்போது

பூக்கள் குறையும் மாரியில் பெட்டித் தேனீக்கள் பசியால் கூட்டை விட்டு ஓடிவிடும். சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்துக் கொடுத்தால் தங்கும். ஆனால் பாணியின் வாசனை அயற்கூட்டுத் தேனீக்களையும் எறும்பையும் அழைக்கும். பலங்குன்றிய கூடு சில நாட்களில் அழிந்துவிடலாம். ஆகவே:

1. பொழுதுபட்ட பின், பெட்டிக்குள்ளே சட்டங்களின் மேல் சிரட்டையில் பாணியை வையுங்கள். தேனீ மூழ்காதிருக்கச் சுள்ளிகளை மிதக்கவிடுங்கள்.

2. வெளியே சிந்தினால் உடனே கழுவுங்கள்.

3. வாசலைச் சுருக்குங்கள், தேனீக்களுக்குக் காவல் இலகுவாகும்.

4. தாங்கியின் கால்களைத் தண்ணீர்ப் பேணிகளில் நிறுத்துங்கள். புல், கிளை பெட்டியில் முட்டாதபடி வெட்டுங்கள்.

5. மிஞ்சிய பாணியை விடியமுன் எடுத்துவிடுங்கள்.

பாணி கொடுக்கும் நாட்களில் தேன் எடுக்காதீர்கள், அது தேனன்று.

இடம்பெயர்ந்து வந்த வளவில் நட்ட தென்னை காய்க்க ஆண்டுகள் செல்லும். தேனீப் பெட்டியோ மீண்டும் ஊர் திரும்பும்போது கூடவே வரும்.