தாடைக்குக் கீழே பச்சை

தமயந்தியின் சிவப்புப் புடவை மூன்று வாரத்தில் கைவந்துவிட்டது. பின்னால் இருக்கிற தோட்டம்தான் நான்கு மாதம் இழுத்தது.

ரவி வர்மா 1899-இல் வரைந்த 'ஹம்ச தமயந்தி'யை நகலெடுத்துத்தான் எண்ணெய் வண்ணம் பழகினேன். மூலம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. பினாங்கின் பாலிக் புலாவில் எனக்குக் கிடைத்தது பாட்டி பெட்டிக்குள் இருந்த பழைய அச்சுப் படம். ரவி வர்மாவுக்கும் இந்த வித்தை சுலபமாக வாய்க்கவில்லை. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் மதுரை இராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்தார். 1868-இல் அங்கே வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். ரவி வர்மா பார்த்தே கற்றார் என்ற தைரியத்தில் நானும் தொடங்கினேன்.

படத்திலும் கேன்வாஸிலும் கட்டம் போட்டு, இரண்டையும் தலைகீழாக வைத்துக் கோடு வரைந்தேன். நேராக வைத்தால் 'கண் இப்படித்தான் இருக்கும்' என்று மனசு குறுக்கே வரும். அடுத்து, எரித்த அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, வெளிச்சமும் இருட்டும் மட்டும். அம்பரில் மாங்கனீசு உண்டு, சீக்கிரம் காயும். அதன்மேல் போகப்போக எண்ணெயைக் கூட்ட வேண்டும். முகம் பளபளக்கட்டும் என்று ஒரேயடியாக ஆளிவிதை எண்ணெயை ஊற்றித் தடிமனாகப் பூசினேன். ஒரு கன்னம் பாலாடை போலச் சுருங்கிவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

இந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து பிராணவாயுவை இழுத்து இறுகுகிறது, அப்போது சூடும் எழும். அதனால் தூரிகை துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். தண்ணீர் நிரப்பிய பால்மாவு டின்னில் போட்டு மூடுங்கள். மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இனி தோட்டம். அச்சுப் படம் காட்டியதெல்லாம் மங்கிய பழுப்பு. டியூபில் வந்த பச்சையை அப்படியே பூசினேன்; தமயந்தி பிளாஸ்டிக் செடிகளுக்கு முன்னால் கத்தரித்து ஒட்டியதுபோல நின்றாள். அண்ணனுக்குக் கொஞ்சம் சாதிக்காய் மரம் உண்டு. நிஜத்தைப் பார்த்துவிடலாம் என்று, அத்தையைச் சிவப்புப் புடவை கட்டச் சொல்லி, காலை பத்து மணிக்கு மரத்தடியில் நிறுத்தினேன்.

"எவ்வளவு நேரம்டா? கொசு பிடுங்குது."

"அஞ்சே நிமிஷம், அத்தை." முக்கால் மணி நேரம் ஆனது.

கண்ணை இடுக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. தாடைக்குக் கீழே நிழல் பழுப்பாக இல்லை, புல்லின் பச்சை ஏறியிருந்தது. உள்முழங்கையில் புடவைச் சிவப்பு. சாதிக்காய் இலையின் மேற்புறம் வானத்தை வாங்கி வெளிறி மின்னியது. வெயில் ஊடுருவிய இலை மட்டும் மஞ்சள்பச்சை. ஒரே மரத்தில் நாலைந்து பச்சை!

வீட்டுக்கு வந்து டியூப் பச்சையை ஓரம்கட்டினேன். அல்ட்ராமரைன் நீலத்தோடு மஞ்சள் காவி, கத்தி நுனியளவு சிவப்பு. அந்தச் சிவப்புதான் பச்சையின் கூச்சலை அடக்கியது. தோல் நிறத்தில் மிச்சமிருந்ததை இலைகளுக்குள் கலந்தேன், இலைப் பச்சையில் துளியைக் கழுத்து நிழலுக்குக் கொடுத்தேன். புடவையின் ஓரத்தை இருட்டுப் பக்கம் காய்ந்த தூரிகையால் லேசாக மங்கலாக்கினேன். அதற்குப் பிறகுதான் அவள் தோட்டத்துக்குள் போய் நின்றாள். அவளோடு இருக்கும் அன்னம் மட்டும் எனக்கு இன்னமும் வாத்துதான்.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நகலெடுப்பவர்கள் மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது. நானும் சிறிதாகவே வரைந்து, 'ரவி வர்மாவைப் பார்த்து வரைந்தது' என்று பின்புறம் எழுதினேன்.

அத்தை வந்து பார்த்தார். "இதுல நான் எங்கடா இருக்கேன்?"

தாடைக்குக் கீழே காட்டினேன். விரல் நீட்டியபடி குனிந்தார்.

"தொடாதீங்க அத்தை, இன்னும் காயல."