துறைமுகத்தில் வளர்ந்த மொழி

கூடுதலானோர் பேசும் மொழியே பரவும் என்று எண்ணுகிறோம். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிவிட்டு, "அப்ப தமிழ் ஏன் படிக்கவேணும்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்கும்போது வாயடைத்து நிற்கிறோம். இந்தோனேசியாவைப் பார்த்தால் இக்கணக்குப் பிழை.

ஒல்லாந்தர் ஆண்ட அத்தீவுகளில் மிகக் கூடுதலானோரின் தாய்மொழி யாவா மொழி. பழைய இலக்கியமும் அரசவைச் சிறப்பும் அதற்கு உண்டு. ஆயினும் 1928 ஒக்டோபர் 28 இல் பத்தாவியாவில் கூடிய இளைஞர்கள், சிறுபான்மையோரின் தாய்மொழியான மலாயையே 'இந்தோனேசிய மொழி' எனப் பெயரிட்டு ஒற்றுமை மொழியாக ஏற்றனர். 1945 அரசியலமைப்பு அதனை அரச மொழியாக்கியது.

காரணம் சந்தையில் இருக்கிறது. மலாக்கா நீரிணைத் துறைமுகங்களில் சீனர், அராபியர், குசராத்தியர், தமிழர் எல்லோரும் பல நூற்றாண்டுகள் மலாயிலேயே பேரம் பேசினர். ஒல்லாந்தரும் நிருவாகத்துக்கு அதனைப் பயன்படுத்தினர். யாவா மொழியிலோ எதிரே நிற்பவரின் தகுதி பார்த்துப் பேசவேண்டும். நீ, நீர், நீங்கள் என்ற மூன்றுக்கே எமது பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அங்கே உண்பதற்கும் உறங்குவதற்குங்கூட வெவ்வேறு சொற்கள்! யாவாக்காரர் தம்மை ஆளப்போகிறார்கள் என்ற ஐயமும் மலாயால் ஏனைய தீவினருக்கு எழவில்லை.

யாவா மொழி அழிந்துவிடவில்லை. பள்ளியில் இந்தோனேசிய மொழி படிக்கும் பிள்ளை வீட்டில் தாயோடு யாவா மொழி பேசுகிறது.

எமது வணிகர் விட்டுவந்த சொற்களும் மலாயில் உண்டு. கப்பல் 'காப்பால்', கடை 'கெடாய்'. கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்குப் பிடித்தது 'மோடால்'. கடைக்காரர் போட்ட 'முதல்' அது. இன்றும் அங்கே மூலதனத்துக்கு அதுவே சொல்.