வாஷ்கேர் லேபிள் வந்தாச்சா, அம்மணி?

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை என்றால் பயருக்கு மெயில் போடுவதும் சாம்பிள் அனுப்புவதும்தான் என்று நினைத்துத்தான் எல்லோரும் கம்பெனிக்குள் நுழைகிறோம். ஒரு வாரத்தில் அந்த நினைப்பு ஓடிவிடும். நூல் எந்த மில்லில், துணி எந்த டையிங்கில், பாலிபேக் எத்தனை என்று காலையிலிருந்து யாராவது ஒருவர் உன் மேஜை முன்னால் நின்று ‘என்னங்க பண்றது?’ என்பார். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மண்டையை உடைத்துக்கொண்டால் மதியத்துக்குள் சோர்ந்துவிடுவாய். பெரிய முடிவு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வரும்.

அதனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுப் பழகு, கண்ணு: இது வராவிட்டால் எது நிற்கும்?

பர்ச்சேஸில் ஏ.பி.சி. என்று பிரித்து வைத்திருப்பார்கள். பணம் அதிகம் போகிற நூலும் டையிங்கும் ஏ. பட்டன், லேபிள், டேக் எல்லாம் சி. பணத்தைக் காவல் காக்க இது நல்ல முறைதான். ஆனால் ஒரு டி-ஷர்ட்டை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார். வாஷ்கேர் லேபிள் பக்கத் தையலுக்குள் சொருகியிருக்கும். சைடு மூட்டும்போதே அதையும் வைத்துத் தைத்தாக வேண்டும். சில பைசா பெறுகிற லேபிள் வராவிட்டால் மொத்த லைனும் கைகட்டி உட்காரும். ஹேங்டேக் அப்படியில்லை, பேக்கிங்குக்கு முதல் நாள் வந்தாலும் சமாளிக்கலாம். இரண்டும் ஏ.பி.சி.யில் ஒரே பெட்டிதான், உன் டைரியில் அப்படி இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி ஸ்டோர்களில் மருந்தை உயிர் காப்பது, அவசியமானது, இருந்தால் நல்லது என்று மூன்றாகப் பிரிப்பார்கள். அந்தப் பிரிப்பையும் ஏ.பி.சி. பக்கத்தில் ஒரு பத்தியாகப் போட்டுக்கொள். லேபிள் பெரும்பாலும் பயர் சொன்ன சப்ளையரிடம்தான் வாங்க வேண்டியிருக்கும். விலையில் உனக்குப் பேச்சே இல்லை. என்றைக்கு பி.ஓ. போடுவது என்பது மட்டும்தான் உன் கையில் இருக்கிறது. அதையாவது முதல் நாளே செய்.

சின்னப் பொருள்தானே என்று இருந்ததற்கு டொயோட்டாவே விலை கொடுத்திருக்கிறது. 1997 பிப்ரவரியில் ஐசின் கம்பெனியின் காரியா ஆலையில் தீப்பிடித்தது. பிரேக்குக்குப் போகிற ஒரு சிறு வால்வு, டொயோட்டாவுக்குக் கிட்டத்தட்ட முழுக்க அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. சில நாளைக்கு ஜப்பானில் டொயோட்டாவின் ஆலைகள் நின்றுபோயின. மற்ற சப்ளையர்கள் தங்கள் பட்டறையிலேயே வால்வைக் கடைந்து கொடுத்துத்தான் லைன் மறுபடி ஓடியது. பீட்டர் கிரால்ஜிக் 1983-இல் எழுதிய கட்டுரையில் வாங்கும் பொருட்களை நான்கு கட்டமாகப் பிரித்ததும் இதே யோசனையில்தான்: லாபத்தை எவ்வளவு பாதிக்கும், கிடைப்பது எவ்வளவு சிக்கல், இரண்டையும் சேர்த்துப் பார். எம்.பி.ஏ. படித்தவர்கள் அதைப் படமாகப் போட்டுக் காட்டுவார்கள். நீ ஒரு பக்கத்தில் நாலு கட்டம் கிழித்துக்கொண்டால் போதும்.

இப்போது கொட்டேஷனுக்கு வருவோம். இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு டையிங் கிலோவுக்கு 85 ரூபாய் சொல்கிறது, இன்னொன்று 92. கிரே துணி உனக்குக் கிலோ 300 ரூபாய்க்கு அடங்குகிறது என்று வைத்துக்கொள். மலிவானவரிடம் பிராசஸ் லாஸ் 8 சதவீதம், மற்றவரிடம் 5. கூலி கிரே எடைக்கு என்றால், கையில் வந்து சேர்கிற ஒரு கிலோ துணிக்கு முதலாமவர் கணக்கு 385-ஐ 0.92-ஆல் வகுத்தால் 418 ரூபாய் சொச்சம். அடுத்தவர் 392-ஐ 0.95-ஆல் வகுத்தால் 413-க்கும் உள்ளே. ஏழு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் கிலோவுக்கு ஆறு ரூபாய் போலக் கைவிட்டுப் போகும். ஷேடு சரியில்லை என்று துணி திரும்பி ரீ-டையிங் போனால் ஆகிற நாளையும் துணி கெடுவதையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

நான்கைந்து பேரை ஒப்பிட வேண்டியிருந்தால், கொட்டேஷன் கவரைப் பிரிப்பதற்கு முன்பே மார்க்கை எழுதி வை: விலைக்கு இவ்வளவு, ஷேடுக்கு இவ்வளவு, சொன்ன தேதிக்குத் தருவதற்கு இவ்வளவு. பிரித்த பிறகு எழுதினால் நமக்குப் பிடித்தவர் ஜெயிக்கிற மாதிரி மார்க் தானாகவே வளைந்துவிடும். முதலாளியின் மச்சான் டையிங் வைத்திருந்தால் இன்னும் நன்றாக வளையும்.

முதலிடம் வந்தவருக்கே எல்லாத் துணியையும் தூக்கிக் கொடுத்துவிடாதே. 2011 ஜனவரியில், நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இந்த ஊரின் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. ஊரே நின்றால் உள்ளூரில் இரண்டு பேர் வைத்திருந்தும் பிரயோஜனமில்லை. வெளியூரில் ஒருவருக்கு வருடத்தில் கொஞ்சமாவது வேலை கொடுத்து, லேப் டிப் அப்ரூவல் வரைக்கும் பழக்கி வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்குப் போன் போட்டால் ‘நீங்க யாரு?’ என்று கேட்காத அளவுக்காவது.

ஆர்டருக்கு என்று வாங்காமல் வருடம் முழுக்கத் தேவைப்படுகிற சாமான்களுக்கு வேறு கணக்கு. வெள்ளைத் தையல் நூல் கோனை எடுத்துக்கொள். வருடத்துக்கு 6,000 கோன் வேண்டும், ஒரு தடவை ஆர்டர் போட்டு இறக்கி வைக்க 300 ரூபாய் ஆகிறது, ஒரு கோனை ஒரு வருடம் வைத்திருக்க 10 ரூபாய் ஆகிறது என்றால், ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் 1913-இல் சொன்ன சூத்திரப்படி ஒரு தடவைக்கு 600 கோன். 6,000-ஐ 300-ஆல் பெருக்கு, இரண்டால் பெருக்கு, 10-ஆல் வகு, வர்க்கமூலம் எடு, அவ்வளவுதான். ஆர்டர் போடுவதும் வைத்திருப்பதும் சேர்ந்து வருடச் செலவு 6,000 ரூபாய். கடைக்காரர் ‘750-ஆ எடுத்துக்குங்க’ என்றால் சண்டை போடாதே. அப்போதும் செலவு 6,150-தான். இந்தக் கணக்கின் அழகே அதுதான், கொஞ்சம் தள்ளிப்போனாலும் பெரிதாக அடிக்காது.

அடிப்பது எப்போது ஆர்டர் போடுகிறாய் என்பதில்தான். நாளைக்கு 20 கோன் ஓடுகிறது. ‘அஞ்சு நாள்ல வந்துரும்’ என்பார் கடைக்காரர். பழைய பில்லை எல்லாம் எடுத்து, ஆர்டர் போட்ட தேதியையும் சரக்கு இறங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. மோசமான தடவை 12 நாள் ஆகியிருந்தால் 100 கோன் மிச்சம் இருக்கும்போது போட்டால் ஆகாது, 240 இருக்கும்போதே போட வேண்டும். சராசரி நாளைப் பார்த்து முடிவெடுக்கிறவர்களுக்குத்தான் தீபாவளி வாரத்தில் நூல் தீரும்.

தீபாவளி என்றதும் உள்நாட்டு வியாபாரம் ஞாபகம் வருகிறது. சீசனுக்கு எத்தனை பீஸ் ஓட்டுவது என்று கேட்டால் ஒருவர் ‘போன வருஷம் மாதிரி’ என்பார், இன்னொருவர் ‘இந்த வருஷம் தூக்கும்’ என்பார். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு மூன்று எண் கேள். அடக்கம் 120, விற்பது 180, மிஞ்சினால் காதர்பேட்டைச் சந்தையில் 80-க்குப் போகும். ஒரு பீஸ் பற்றாமல் போனால் 60 ரூபாய் லாபம் போச்சு, ஒரு பீஸ் மிஞ்சினால் 40 ரூபாய் நஷ்டம். 60-ஐ 100-ஆல் வகுத்தால் 0.6. இதே மாதிரி பத்து சீசன் வந்தால் ஆறில் கொஞ்சம் மிஞ்சும், நாலில் பற்றாமல் போகும், அந்த அளவில் நிறுத்து. மிஞ்சினால் 20 ரூபாய்க்குக்கூடப் போகாத ஃபேஷன் டிசைன் என்றால் எதிர்ப்பக்கம் சாய வேண்டியதுதான். மிஞ்சவே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிற முதலாளியிடம் இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் காட்டு. வாயால் சொன்னால் கேட்க மாட்டார்.

இன்னொரு நோய், வேஸ்டேஜுக்கு என்று ஆளாளுக்குச் சேர்த்துப் போடுவது. நீ 3 சதவீதம் கூட்டிச் சொல்வாய். ஃபேப்ரிக் இன்சார்ஜ் தன் பங்குக்கு 3, நிட்டிங்காரர் 3, நூல் வாங்குகிறவர் 3. நான்கு பேர் சேர்ந்தால் 12 சதவீதத்தைத் தாண்டிவிடும், அத்தனை பேரும் ‘சும்மா கொஞ்சம்தான் போட்டேன்’ என்பார்கள். பி அண்ட் ஜி கம்பெனி குழந்தைகளின் டயப்பரிலேயே இதைப் பார்த்திருக்கிறது: வீடுகளில் டயப்பர் தேவை ஒரே சீராக இருக்க, ஆர்டர் மேலே போகப் போக ஏற்ற இறக்கம் பெரிதாகிக்கொண்டே போனது. இதற்கு மருந்து ஒரே ஷீட்தான். பயரின் அசல் எண் எல்லோருக்கும் தெரியட்டும். வேஸ்டேஜை ஒருவர் மட்டும், ஒரே இடத்தில் சேர்க்கட்டும்.

கப்பல் விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப்.ஓ.பி. ஆர்டரில் கப்பல் வாடகை பயருடையது. ஆனால் தேதி தவறினால் ஏர் செலவை நம் தலையில்தான் கட்டுவார்கள். 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினை வந்ததிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயணம் நீண்டதால் பயரிடம் தேதியில் சலுகை கேட்க இடமும் குறைந்துபோனது. ஆகவே ஏர் முடிவைப் பேக்கிங் நாளுக்குத் தள்ளாதே. டையிங்கிலிருந்து துணி வருகிற அன்றைக்கே நாள் கணக்குப் பார். அப்போது சொன்னால் பாதியைக் கப்பலிலும் பாதியை ஏரிலும் அனுப்ப பயர் சம்மதிப்பார். கடைசி நாளில் போய் நின்றால் மொத்தமும் ஏர்தான்.

கடைசியாகப் பேமெண்ட். ‘அது அக்கவுண்ட்ஸ் வேலை’ என்று ஒதுங்காதே, எந்த ஜாப் ஒர்க்காரர் உன் துணியை முதலில் மெஷினில் ஏற்றுவார் என்பதை முடிவு செய்வதே அதுதான். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் என்று 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்த பிறகு, அந்தக் கெடு தாண்டி பாக்கி வைத்தால் பணம் கொடுக்கிற வருடம் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. உன் ஸ்டைலுக்கு வேலை பார்க்கிற நிட்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி பார்ட்டிகளின் பாக்கி லிஸ்ட்டை அக்கவுண்ட்ஸிடம் வாரா வாரம் கேட்டு வாங்கு. 30 நாள் தாண்டியவர் பெயர் அதில் இருந்தால், அவரிடம் அடுத்த ஆர்டர் பேசுவதற்கு முன் முதலாளியிடம் செக் பேசு.