கல்லூரிக் கடிதத்தில் எது உதவி, எது கடன்?

மார்ச் கடைசியில் அமெரிக்காவில் இருக்கும் நம் வீடுகளில் ஒரு படபடப்பு தொடங்கிவிடும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எங்கே இடம் கிடைத்தது என்ற சேதி வரும், கூடவே நிதியுதவிக் கடிதமும் வரும். பெரும்பாலான கல்லூரிகளில் மே 1-க்குள் முடிவு செய்து முன்பணம் கட்டியாக வேண்டும். எங்கள் மூத்தவளுக்கு வந்த முதல் கடிதத்தில் ‘மொத்த உதவி 50,000 டாலர்’ என்று இருந்தது. அன்றிரவே ஊருக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் சொன்னேன், அவர் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்து வரிவரியாகப் படித்தபோதுதான் விவரம் புரிந்தது. அந்த 50,000-க்குள் அவள் வாங்க வேண்டிய கடனும், அவளே வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டிய பணமும் அடக்கம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜிஏஓ 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 91 சதவீதக் கல்லூரிகள் குடும்பம் கட்ட வேண்டிய நிகரத் தொகையைக் கடிதத்தில் சொல்வதே இல்லை, அல்லது குறைத்துச் சொல்கின்றன. ஆகவே அந்தக் கணக்கை நாமேதான் போட வேண்டும்.

ஒரு பெரிய தாளில் கல்லூரிக்கு ஒரு பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் வரியில் ஓராண்டின் முழுச் செலவு: கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், வீட்டுக்கு வந்துபோகும் டிக்கெட், மருத்துவக் காப்பீடு. சில கடிதங்களில் கட்டணம் மட்டுமே இருக்கும். மீதியைக் கல்லூரியின் இணையதளத்தில் தேடி எடுங்கள். பிள்ளைக்கு உங்கள் வேலை வழியாகக் காப்பீடு இருந்தால், கல்லூரிக் காப்பீட்டை வேண்டாமென்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் முடியும், அதில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் மிச்சமாகும்.

இரண்டாவது வரியில், திருப்பித் தர வேண்டாத பணம் மட்டும். பெல் கிராண்ட், மாநில கிராண்ட், கல்லூரியின் சொந்த கிராண்ட், ஸ்காலர்ஷிப். அவ்வளவுதான். ‘ஒர்க்-ஸ்டடி’ என்றிருப்பதைச் சேர்க்காதீர்கள். அது வளாகத்தில் வேலை தேடிக்கொள்ள ஒரு வாய்ப்பு. சம்பளம் வேலை செய்யச் செய்யத்தான் வரும், செமஸ்டர் பில்லில் கழியாது. ‘சப்சிடைஸ்டு’, ‘அன்சப்சிடைஸ்டு’, ‘பேரன்ட் பிளஸ்’ என்ற சொற்கள் எங்கே இருந்தாலும் அது கடன். முதல் வரியிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதே அந்தக் கல்லூரியின் நிஜமான விலை.

எங்கள் கணக்கை முழு எண்களாக்கித் தருகிறேன். தனியார் கல்லூரியின் செலவு 84,000. கிராண்ட் 42,000, கடன் 5,500, ஒர்க்-ஸ்டடி 2,500. ‘நீங்கள் கட்ட வேண்டியது 34,000’ என்றது கடிதம். மாநிலப் பல்கலைக்கழகத்தின் செலவு 31,000. கிராண்ட் 3,000, கடன் 5,500. ‘கட்ட வேண்டியது 22,500’. கடிதங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 11,500. கடனையும் வேலையையும் எடுத்துவிட்டால் 42,000-க்கு எதிரே 28,000. வித்தியாசம் 14,000.

இதை நான்கால் பெருக்கி 56,000 என்று நிறுத்திக்கொண்டால் அதுவும் தப்பு. கட்டணம் ஆண்டுதோறும் ஏறும், கிராண்ட் பெரும்பாலும் ஏறாது. ஆண்டுக்கு 4 சதவீதம் ஏற்றி, கிராண்டை அப்படியே வைத்துப் போட்டுப் பார்த்தேன். நான்கு ஆண்டில் தனியார் கல்லூரிக்குச் சுமார் 1,88,700, மாநிலக் கல்லூரிக்குச் சுமார் 1,19,600. இடைவெளி 69,000. கல்லூரியிடம் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். இந்த கிராண்ட் நான்கு ஆண்டுக்கும் உண்டா? ஸ்காலர்ஷிப் தொடர எவ்வளவு ஜிபிஏ வேண்டும்? வெளியிலிருந்து ஸ்காலர்ஷிப் கொண்டுவந்தால் உங்கள் கிராண்டைக் குறைப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வருவது அபூர்வமல்ல.

இனி கடன். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு அவர் பெயரிலேயே அரசு தருவது முதலாண்டு 5,500, இரண்டாமாண்டு 6,500, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தலா 7,500. மொத்தம் 27,000. 2025–26-ல் இதற்கு வட்டி 6.39 சதவீதம். சப்சிடைஸ்டு என்றால் படிக்கும்போது வட்டியை அரசு ஏற்கும். ஆனால் நம்மில் இரண்டு சம்பளம் வரும் வீடுகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அன்சப்சிடைஸ்டுதான். பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். இதே வட்டியில் நான்கு ஆண்டும் வாங்கினால், படிப்பு முடிந்து ஆறு மாதத்தில் தவணை தொடங்கும்போது 27,000 ஏறக்குறைய 31,500 ஆகியிருக்கும். பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 355 டாலர். முதல் வேலைக்குப் போகும் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடக்கூடிய சுமை இது. பிள்ளையின் கடன் இந்த 27,000-ஐத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு மேல் வேண்டுமென்றால் நம் பெயருக்கு வரும். பேரன்ட் பிளஸுக்கு 2025–26-ல் வட்டி 8.94 சதவீதம், கொடுக்கும்போதே 4 சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த 65,000-ஐப் பத்து ஆண்டில் அடைக்க, படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலே, மாதம் சுமார் 820 டாலர் ஆகும். தனியார் வங்கிக் கடனுக்கு நாம் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பிள்ளை தவணை தவறினால் வங்கி நம் வாசலுக்கு வரும். கல்விக்கடன் திவால் நீதிமன்றத்திலும் எளிதில் தள்ளுபடியாவதில்லை.

படிப்புக்கென்றால் நம்மவர்கள் நகையைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் அந்தக் குணம் உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: கையெழுத்துப் போடுமுன் வீட்டுக் கடன், ஓய்வுக்காலச் சேமிப்பு, ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம், அடுத்த பிள்ளையின் முறை எல்லாவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். வீட்டில் இருவர் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் ஃபாஃப்சா எனும் அரசு நிதியுதவி விண்ணப்பத்தின் கணக்கில் சலுகை உண்டு என்று பழைய அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். 2024–25-லிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது.

வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைக்குக் கணக்கே வேறு. மத்திய அரசின் கிராண்டும் கிடையாது, கடனும் கிடையாது. கிரீன் கார்டு வந்திருந்தால் உண்டு. சில தனியார் கல்லூரிகள் சிஎஸ்எஸ் புரொஃபைல் விண்ணப்பத்தைப் பார்த்துத் தங்கள் நிதியிலிருந்து தரும். மாநிலத்தவருக்கான கட்டணம் எச்4 பிள்ளைக்கு உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 21 வயதில் எச்4 முடிந்து மாணவர் விசாவான எஃப்1-க்கு மாறினால் அந்தச் சலுகை நீடிக்குமா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடிதத்தில் வந்த தொகையே முடிவல்ல. ஃபாஃப்சா பார்ப்பது பழைய வருமானத்தை. 2026–27 கல்வியாண்டுக்கு 2024-ல் சம்பாதித்தது. நடுவில் வேலை போயிருந்தால், பெரிய மருத்துவச் செலவு வந்திருந்தால், நிதியுதவி அலுவலகத்துக்கு ஆதாரங்களோடு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கு அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. இதே தரத்தில் உள்ள இன்னொரு கல்லூரி கூடுதலாகத் தந்திருந்தால் அந்தக் கடிதத்தையும் இணைக்கலாம். பணம் கேட்பதா என்று கூச்சப்பட்டு நாங்கள் ஒரு வாரத்தை வீணடித்தோம். கேட்டபின் அந்தத் தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 3,000 கூட்டித் தந்தார்கள்.

அப்போதும் இடைவெளி பெரிதாகவே இருந்தது. தாளை மூத்தவளிடம் கொடுத்து அவளையே கூட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதை அப்ளை பண்றதுக்கு முன்னாடியே காட்டியிருக்கலாமே, அம்மா” என்றாள். நியாயமான ஆதங்கம். அநேகமாக எல்லாக் கல்லூரி இணையதளங்களிலும் நிகரச் செலவுக் கணிப்பான் ஒன்று இருக்கிறது. அதை இளையவனுக்குப் பதினோராம் வகுப்பிலேயே போட்டுப் பார்த்தோம்.

மூத்தவள் மாநிலப் பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுத்தாள். அங்கும் கடிதத்தில் காட்டிய கடனை முழுதாக வாங்க வேண்டியதில்லை. கல்லூரியின் தளத்தில் தொகையைக் குறைத்து ஏற்கலாம், வேண்டாமென்றும் சொல்லலாம். அரசுக் கடன் வந்த பிறகு கூடுதலாகத் தோன்றினால், 120 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைக்கு வட்டியும் கட்டணமும் கிடையாது. முதல் செமஸ்டரில் அவள் 1,200 டாலரை அப்படித் திருப்பினாள்.