எண்ணப்படாதவர்கள்



அம்மாபேட்டையில் நடந்த வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "ஐயா, கடைசி காலத்துல யுத்தம் பெருகும்னு சொல்றீங்க. மனுஷன் வரவர கொலை செய்றது குறையுதுன்னு புஸ்தகமே எழுதியிருக்காங்களே?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

அப்படி 2011-ல் எழுதினவர் ஸ்டீவன் பிங்கர். அவர் முக்கியமாய்ப் பார்ப்பது செத்தவர்களின் மொத்தத்தை அல்ல, லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்கிற வீதத்தை. அது பொய்க்கணக்கு அல்ல. ஆனால் அதே கோலால் ஆதியாகமம் 4-ஐ அளந்து பாருங்கள். அங்கே ஆபேல் சாகிறபோது பெயர் சொல்லப்பட்டவர்கள் நாலே பேர். நூற்றுக்கு 25! இரண்டாம் உலக யுத்தம்கூட அதற்குக் கிட்டே வராது. (சிரிக்காதீங்க, வீதம் என்றால் இதுதான்.)

சரி, வகுக்கிறதற்கு முன்னே செத்தவர்களை யாராவது எண்ணியிருக்க வேண்டுமே? காரியமே அங்கேதான் இருக்கிறது. சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தார் வருஷந்தோறும் யுத்தக் கணக்கு எடுக்கிறார்கள். குண்டிலும் வெடியிலும் நேராகச் செத்தவர்கள்தான் அதில் வருவார்கள். யுத்தத்தினால் பசியிலும், மருந்தில்லாமலும் செத்தவர்கள் வரமாட்டார்கள். அந்தக் கணக்கிலேயே 1994-க்குப் பிறகு 2022-ல்தான் அதிகச் சாவு.

தூரத்து தேசம் எதற்கு? இலங்கைத் தமிழர் முகாம்கள் நம்ம சேலம் மாவட்டத்திலேயே உண்டு. வன்னியில் நடந்த கடைசி யுத்தத்தைப் பாருங்கள். 2008 ஆகஸ்டு முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாக அங்கிருந்த ஐ.நா. ஊழியர்கள் கணக்கு வைத்தார்கள். அது கண்டவர்கள் சொல்லிப் பதிவானவை மட்டும். கொடிய கடைசி நாட்கள் அதில் இல்லை. 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. 2012-ல் வந்த ஐ.நா.வின் உள் விசாரணை அறிக்கையோ, 70,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் கணக்கில்லை என்றது.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் செத்தவர்களை எண்ணவில்லை. உயிரோடு வந்தவர்களை எண்ணினார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரசாங்கக் கச்சேரிப் பதிவு காட்டினது 4,29,059 பேர். அரசாங்கப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று 2011 ஜனவரியில் அரசாங்க ஆணைக்குழு முன்பாகவே கேட்டார். அத்தனை பேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். கேட்டார், அவ்வளவுதான். பதில் வராமலே 2021-ல் அவரும் மரித்துப்போனார்.

இதில் எந்த எண்ணை அந்தத் தம்பியின் வீதக்கணக்கில் போடுவது? 7,721-ஐப் போட்டால் உலகம் கொஞ்சம் சாந்தமாய்த் தெரியும். காணாமற்போன பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் வயதாகி, பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அந்தச் சாவுகள் எந்த யுத்தக் கணக்கிலும் இல்லை.