பாண்டியில் தங்க இடம் தேடுகிறீர்களா? பயனுள்ள 10 குறிப்புகள்

சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைத்தால் போதும், சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் புதுச்சேரிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அறை வாடகையும் அந்த நாட்களில் கிடுகிடுவென ஏறிவிடுகிறது. கடலுக்கு எதிரே தங்கினால்தான் பாண்டி போன மாதிரி என்று நினைத்து, கொண்டுபோகும் பணத்தில் பாதியை வாடகைக்கே கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அதற்கு அவசியமே இல்லை. கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் சுத்தமான அறை கிடைத்தால் போதும். குடும்பத்தோடு பல முறை போய் வந்ததில் கற்றுக்கொண்டவை இவை.

1. முதலில் பெரிய வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது ஒயிட் டவுன். பழைய பிரெஞ்சு வீடுகள் ஹோட்டல்களாகியிருக்கும் ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி எல்லாம் இங்கேதான், வாடகையும் அதிகம். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி. வைசியாள் வீதி, ஈஸ்வரன் கோயில் வீதி போன்ற இடங்களில் திண்ணையும் மரத்தூண்களுமாகப் பழைய தமிழ் வீடுகளைப் பார்க்கலாம். இங்கே பெரும்பாலும் வாடகை குறைவு. பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் கடல்.

2. விளம்பரத்தில் 'பாண்டிச்சேரி' என்று இருப்பதை மட்டும் நம்பி முன்பணம் கட்டாதீர்கள். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆரோவில், செரினிட்டி பீச் போகிறவர்களுக்கு அந்தப் பக்கம் வசதி. ஊருக்குள் சுற்ற வேண்டுமென்றால் தூரம். கடற்கரை காந்தி சிலையிலிருந்து விடுதிக்கு எத்தனை நிமிட நடை என்று மொபைல் மேப்பில் பார்த்துவிடுங்கள்.

3. வாடகையோடு ஆட்டோ செலவையும் கூட்டுங்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ் மலிவுதான். ஆனால், ஆட்டோவுக்குப் பேரம் பேசித்தான் ஏற வேண்டும். ஒரு சவாரிக்கு 150 ரூபாய் என்று வைத்தாலும், நான்கு சவாரிக்கு 600 ரூபாய். அந்த 600-ஐ வாடகையில் சேர்த்துக் கொடுத்தால் கடற்கரைக்குப் பக்கத்திலேயே அறை கிடைக்குமா என்று பாருங்கள்.

4. வரியைக் கேட்காமல் விலை பேசாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய்! வாடகையில் நூறு ரூபாய் கூடினால், கையிலிருந்து ஆயிரத்துக்கு மேல் போகிறது.

5. வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்க்கப் பாருங்கள். ஞாயிறு மதியம் போய்ச் செவ்வாய் திரும்பினால் வாடகை கணிசமாகக் குறையும். ஞாயிறன்று காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டையும் பார்த்துவிடலாம்.

6. அமைதி விரும்புகிறவர்களுக்கு அரவிந்தர் ஆசிரம விடுதிகள் நல்ல தேர்வு. கடற்கரைச் சாலையின் தெற்கு முனையில் உள்ள பார்க் கெஸ்ட் ஹவுஸில் எல்லா அறைகளுமே கடல் பார்த்தவை. மது, புகை கூடாது. இரவில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகியவை தரிசன நாட்கள் என்பதால் அப்போது இடம் கிடைப்பது கடினம்.

7. 'கடல் தெரியும் அறை' என்றால் எந்த மாடி, எந்த ஜன்னல் என்று கேளுங்கள். ஒருமுறை அப்படி நம்பி அறை எடுத்தோம். திரையை விலக்கினால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. அம்மா எட்டி எட்டிப் பார்த்த பிறகு, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு நீலம். அதற்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் இன்றும் உறுத்துகிறது. அறையின் ஜன்னலிலிருந்து எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

8. பெரியவர்கள் உடன் வந்தால் லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். பழைய வீடுகளில் படிகள் செங்குத்தாக இருக்கும். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்குத் தடை. அங்கே தங்கினால் பின்பக்க வாசல் உண்டா என்று விசாரியுங்கள்.

9. காரில் போனால் பார்க்கிங் விடுதிக்குள்ளா, தெருவிலா என்று தெளிவாகக் கேளுங்கள். ஒயிட் டவுன் வீதிகளில் விடுமுறை நாளில் இடம் பிடிப்பது பெரும்பாடு.

10. அறையைப் பார்க்காமல் பெட்டியை இறக்காதீர்கள். முதலில் குளியலறைக் குழாயைத் திறந்து கையில் சோப்புப் போடுங்கள். நுரை வராவிட்டால் உப்புத் தண்ணீர். மெத்தையின் விளிம்பைத் தூக்கி மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். பிடிக்கவில்லையென்றால் வேறு அறை கேட்கத் தயங்க வேண்டாம்.

காலையில் சூரியன் கடலிலிருந்து எழும்போது, கடற்கரைச் சாலையில் வண்டிச் சத்தமே இருக்காது. அந்தக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. எந்த அறையில் தங்கியவர்களும் நடந்து வந்து பார்க்கலாம். வாடகையில் மிச்சம் பிடிக்கும் பணத்தில் இன்னொரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டு வாருங்கள்.