ஆட்சேபணையும் மேல்முறையீடும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்து ஏறுவோரில் ஆண்டாளைத் தரிசிக்கச் செல்வோரும் உண்டு. சம்மனைக் கையில் பிடித்துக்கொண்டு செல்வோரும் உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை அமர்வு நீதிமன்றம் அங்குதான் இருக்கிறது. அங்கே தண்டனை பெற்றவர் மேல்முறையீட்டுக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்ல வேண்டும். விசாரணையில் முறைகேடு நடந்திருந்தால் மதுரையில் சொல்லிக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியா?

ஒரு காலத்தில் ஓரளவு சரி. அன்றைய சட்டப்படி, ஓராண்டுக்குள் நடந்த ஒரே வகைக் குற்றங்களில் மூன்றை மட்டுமே சேர்த்து விசாரிக்கலாம். சென்னை மாகாணத்துச் சுப்பிரமணிய அய்யர் வழக்கிலோ, இரண்டாண்டுகளில் நடந்ததாகக் கூறப்பட்ட 41 செயல்கள் ஒரே விசாரணையில் சேர்க்கப்பட்டன. 1901இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அது வெறும் ஒழுங்கீனம் அன்று, சட்ட விரோதமே என்று கூறித் தண்டனையை நீக்கியது.

இன்று அத்தகைய பிழை மட்டும் போதாது. அதனால் நீதி தவறியிருக்க வேண்டும். அதைப் பார்க்கும்போது, ஆட்சேபணையை முன்னரே எழுப்பியிருக்க முடியுமா, எழுப்பியிருக்க வேண்டுமா என்றும் மேல்நீதிமன்றம் கேட்கும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 465ஆம் பிரிவு இது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 511ஆம் பிரிவு. ஆகவே வழக்கறிஞர் ஆட்சேபணையை அன்றே மனுவாகவோ மெமோவாகவோ எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கண்ட அளவீட்டை அப்போதே பதிவேட்டில் எழுதாமல் மறுநாள் சொன்னால் நம் ஆசிரியர்கள் ஏற்பார்களா? வாய்ச்சொல் காற்றோடு போகும்; மதுரைக்குப் போவது வழக்குக் கட்டுதான்.

'முடியுமா' என்ற சொல்லில்தான் என் மனம் நிற்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நூற்பாலையில் உழைக்கும் என் தந்தையிடம் குற்றப்பத்திரிகை ஒன்றைக் கொடுத்தால், என்னிடம்தான் நீட்டுவார். அவரைப் போன்றவர் வழக்கறிஞரின்றிக் கூண்டில் நின்றால் எதை ஆட்சேபிப்பார்? 1986இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. குற்றம் சாட்டப்பட்டவர் சட்ட உதவி கேட்கவில்லை என்பதற்காக அவர் உரிமை போய்விடாது. அவ்வுரிமையை நீதிபதியே அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கூறி, தண்டனையை ரத்து செய்தது.

ஆனால் வழக்கறிஞர் அருகில் இருந்தும் வாய் திறவாதிருந்தால்? 1955இல் வில்லி ஸ்லேனி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மௌனத்தை, பாதிப்பு ஏதுமில்லை என்பதற்கு அடையாளமாகவே எடைபோட்டது. அவர் மௌனத்துக்குச் சிறையில் இருப்பவர் கட்சிக்காரர்.